மதியத்தை முதலில் நிரப்புங்கள்: மதுரையில் பார்க்கும் இடங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

மதுரையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் திட்டம் பெரும்பாலும் பகல் 12.30 மணிக்குக் குலைகிறது. காலையில் சாவகாசமாக எழுந்து, இட்லி சாப்பிட்டு, பத்தரைக்கு மீனாட்சியம்மன் கோயிலுக்கு வருவார்கள். செருப்பு வைக்க ஒரு வரிசை, கைபேசி வைக்க ஒரு வரிசை, அம்மன் சந்நிதியில் இன்னொரு வரிசை. சுவாமி சந்நிதிக்கு வந்து சேரும்போது நடை சாத்துகிற நேரம் ஆகிவிடும். சரி, அழகர்கோயில் போவோம் என்று வண்டி ஏறினால் அங்கேயும் நடை சாத்தியிருக்கும். திருப்பரங்குன்றமும் அப்படித்தான். நாலு மணி வரை என்ன செய்வதென்று தெரியாமல் ஏசி ஓடுகிற ஜவுளிக்கடையில் போய் நிற்பதுதான் மிச்சம்.

அதனால் இந்த ஊருக்குத் திட்டம் போடும்போது காலையிலிருந்து தொடங்காதீர்கள். பகல் 12.30 முதல் 4 மணி வரை எங்கே இருப்பீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள். அதற்கு மூன்று நல்ல விடைகள் உண்டு: கூரைக்கு அடியில் பார்க்கிற இடம், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகிற பயணம், இல்லையென்றால் அறையில் தூக்கம். மூன்றாவதை யாரும் தாளில் எழுதுவதில்லை. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, மதியம் தூங்கி எழுந்த குடும்பம்தான் இரவு ஒன்பதரை வரை தெம்பாக நடக்கும். மதுரையின் நல்ல நேரமே விடிகாலையும் இரவும்தான்.

நாளுக்கு எத்தனை இடம்

இடங்களை எண்ணாமல் மணிக்கணக்கை எண்ணுங்கள். கோயில்களும் மலைகளும் திறந்திருந்து, வெயிலும் தாங்குகிற நேரம் ஒரு நாளில் காலை 5.30 முதல் 10 வரை, மாலை 4 முதல் 9.30 வரை. சாப்பாடு, போக்குவரத்து, வரிசை போக இதில் பாதிதான் உங்கள் கையில் நிற்கும். காலையில் ஒன்று, மதியம் கூரைக்கு அடியில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மூன்றைத் தாண்டினால், நான்காவது இடத்தில் வண்டியைவிட்டு இறங்கவே ஆள் இருக்காது.

அந்த மூன்றும் ஒரே வகையாக இருக்கக் கூடாது. காலையில் கோயில், மதியம் கோயில், மாலையில் கோயில் என்று போனால், ஊருக்குத் திரும்பியபின் எந்தத் தூண் எந்தக் கோயிலில் இருந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. காலையில் மலை, மதியம் அருங்காட்சியகம், மாலையில் கோயில், இரவில் தெருவில் சாப்பாடு. இப்படி மாற்றி மாற்றி வைத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக மனதில் நிற்கும்.

இன்னொன்று, வீட்டில் ஒவ்வொருவரும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். அப்பத்தாவுக்குப் பள்ளியறைப் பூசை, பிள்ளைகளுக்குக் கீழடி, கல்லூரி படிக்கிறவனுக்கு மலை. அவரவர் இடத்தில் அவரவர்தான் தலைவர், மற்றவர்கள் முணுமுணுக்கக் கூடாது. எல்லோருக்கும் பிடித்த இடமாகத் தேடினால் யாருக்கும் பிடிக்காத இடத்தில்தான் போய் முடியும்.

மதியத்துக்கு உகந்தவை

கீழடி அருங்காட்சியகம் மதியத்துக்கென்றே கட்டியது போல அமைந்த இடம். மதுரையிலிருந்து தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர், சிவகங்கை மாவட்டம். செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டி 2023 மார்ச் 5 அன்று திறந்தார்கள். பானை ஓடுகளில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கீறிய ‘ஆதன்’, ‘குவிரன்’ போன்ற பெயர்களும், பகடைக் காய்களும், சுடுமண் பொம்மைகளும், தங்க அணிகலன்களும் உள்ளே இருக்கின்றன. கீழடி அகழாய்வில் எடுத்த மாதிரிப் பொருள் ஒன்றின் காலம் கரிமப் பகுப்பாய்வில் கிறிஸ்துவுக்கு முன் 6ஆம் நூற்றாண்டு வரை போனது.

பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது ‘எல்லாவற்றையும் பார்’ என்று விடாதீர்கள். நுழைவதற்கு முன்பே மூன்று வேலை கொடுங்கள்: எழுத்துள்ள ஓடு ஒன்றைக் கண்டுபிடித்து அதில் உள்ள எழுத்தை வரைந்து வா; விளையாட்டுச் சாமான் மூன்று கண்டுபிடி; இன்றைக்கும் நம் வீட்டில் இருக்கிற ஒரு பொருளைக் கண்டுபிடி. ஒரு பென்சிலும் சின்ன நோட்டும் போதும். ஒன்றரை மணி நேரம் சத்தமில்லாமல் ஓடிவிடும். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறக்காதீர்கள். இதைத் தெரியாமல் வந்து வாசலோடு திரும்புகிற வண்டிகள் நிறைய.

தமுக்கத்தில் உள்ள காந்தி அருங்காட்சியகம் ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் இருக்கிறது. 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்து வைத்தார். காந்தி சுடப்பட்டபோது அணிந்திருந்த ரத்தக்கறை படிந்த துணி இங்கேதான் இருக்கிறது. மதியம் 1 முதல் 2 வரை மூடுவார்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை. பக்கத்திலேயே இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறைதான். ஆகவே செவ்வாய் என்றால் காந்தி, வெள்ளி என்றால் கீழடி என்று வைத்துக்கொண்டால் சிக்கல் இல்லை.

திருமலை நாயக்கர் மகால் 1636இல் கட்டியது. இன்று நாம் பார்ப்பது அந்த அரண்மனையின் ஒரு பகுதிதான். அது எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று தெரிய வேண்டுமானால் மகாலோடு நிறுத்தாமல் விளக்குத்தூண் பக்கம் போய்ப் பத்துத்தூண் சந்து எங்கே என்று கேளுங்கள். கடைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் நடுவே, கூரை எதுவும் இல்லாமல் வானத்தைப் பார்த்தபடி வரிசையாக நிற்கும் அந்தக் கல்தூண்களும் அதே அரண்மனையைச் சேர்ந்தவைதான். மகாலில் மாலையில் ஒலி-ஒளிக் காட்சி உண்டு. ஆங்கிலக் காட்சி முடிந்தபின் இரவு 8 மணிக்குத் தமிழ்க் காட்சி. பராமரிப்பு வேலை என்று அவ்வப்போது நிறுத்தியும் வைப்பார்கள். அன்று நடக்கிறதா என்று பகலில் மகாலுக்குப் போகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். காட்சி சிலப்பதிகாரக் கதையையும் நாயக்கர் காலத்தையும் கலந்து சொல்லும். ஐந்து வயதுப் பிள்ளை பாதியில் தூங்கிவிடும், அதற்கும் தயாராக இருங்கள்.

மீனாட்சியம்மன் கோயில்: ஒரு தடவை போதாது

மதுரையில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இதற்கே எல்லா நேரத்தையும் கொடுங்கள். ஆனால் ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் நிற்காதீர்கள். தரிசனத்துக்கு ஒரு முறை, சிற்பம் பார்க்க ஒரு முறை என்று இரண்டாகப் பிரியுங்கள். இரண்டையும் சேர்த்தால், வரிசையில் இருப்பவர்களுக்குத் தூண் கண்ணில் படாது. தூண் பார்க்கிறவர்களால் வரிசை நகராது.

தரிசனத்துக்குக் காலை 5.30 முதல் 7 வரை. கூட்டம் குறைவு, கல் தரை குளிர்ந்திருக்கும். கட்டணத் தரிசனம் உண்டு. சாதாரண வார நாளில் விடிகாலையில் வந்தால் அது தேவைப்படாது. பௌர்ணமி, ஆடி வெள்ளி, ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகை, மார்கழி, தொடர் விடுமுறை என்றால் வாங்கிவிடுங்கள். முதலில் அம்மனைப் பார்த்துவிட்டுத்தான் சொக்கநாதரைப் பார்ப்பது இங்கே வழக்கம்.

இப்போது எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கோயிலுக்குள் கைபேசிக்குத் தடை வந்தது. கைபேசியும் கேமராவும் வாசலில் உள்ள பாதுகாப்பு அறையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கோயிலுக்கு நாலு பக்கமும் கோபுர வாசல். கிழக்கே செருப்பையும் கைபேசியையும் வைத்துவிட்டு உள்ளே சுற்றிச் சுற்றி மேற்கே வெளியே வந்துவிட்டால், பன்னிரண்டு மணி வெயிலில் சித்திரை வீதிக் கல்லில் வெறுங்காலோடு பாதி ஊரைச் சுற்றி வர வேண்டும். கூட வந்தவர்கள் வேறு வாசலில் நின்றால் கூப்பிடக் கைபேசியும் இருக்காது. அதனால் நுழைவதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். எந்தக் கோபுரம் என்று எல்லோரும் வாய்விட்டுச் சொல்லுங்கள். காணாமல்போனால் சந்திக்கும் இடமாகப் பொற்றாமரைக் குளத்தின் ஒரு கரையை முடிவு செய்யுங்கள், மண்டபத்தின் பெயரைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியாது. கைபேசிச் சீட்டை ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள். முழங்கால் தெரியும் கால்சட்டை, கையில்லாத மேல்சட்டை வேண்டாம், வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். வெளிநாட்டு நண்பர்களோடு வந்தால், இந்து அல்லாதவர்கள் சந்நிதிகளுக்குள் போக முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உள்ளே போய் அவர்களைப் பாதியில் நிறுத்துவது இரு தரப்புக்கும் சங்கடம். ஆயிரங்கால் மண்டபத்துக்கும் பிராகாரங்களுக்கும் அவர்கள் தாராளமாக வரலாம்.

சிற்பம் பார்க்க மாலை 4 மணிக்குத் திறந்தவுடன் வாருங்கள். முதல் அரை மணி நேரம் ஆயிரங்கால் மண்டபத்துக்கு. தூண்கள் 985தான் என்று சொல்வார்கள். எண்ணிப் பார்க்க வேண்டாம், எந்தப் பக்கம் நின்றாலும் தூண் வரிசை நேராகத் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு சுவாமி சந்நிதிக்கு முன்னால் உள்ள கம்பத்தடி மண்டபம். திருமால் தாரை வார்த்துக்கொடுக்க, சொக்கர் மீனாட்சியின் கையைப் பிடிக்கும் சிற்பம் அங்கேதான் இருக்கிறது. அம்மனின் முகம் சற்றே குனிந்திருப்பதைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் தெரியும். நேராக நின்று பார்க்கிறவர்கள் அதைத் தவறவிடுவார்கள்.

இரவில் பள்ளியறைப் பூசை. சொக்கநாதரின் பாதுகையைப் பல்லக்கில் வைத்து, மேளம், நாகசுரத்தோடு அம்மன் சந்நிதிப் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். நடை சாத்துவதற்கு முன்னால், ஏறக்குறைய 9 மணிக்குமேல் நடக்கும். எட்டரைக்கே உள்ளே போய் அம்மன் சந்நிதிப் பக்கமாக இடம் பிடித்துவிடுங்கள். காலையில் போன அதே கோயில்தான், ஆனால் வேறு கோயிலாக இருக்கும். மதுரைக்கு வந்து ஒரே ஓர் இரவு தங்குகிறவர்களுக்கு எங்கள் முதல் சிபாரிசு இதுதான்.

வழிகாட்டியை எடைபோடுவது

கோயில் வாசலில் ‘கைடு வேணுமா’ என்று வருகிறவர்களில் சுற்றுலாத் துறை அடையாள அட்டை உள்ளவர்களும் உண்டு, கடைக்கு ஆள் பிடிக்கிறவர்களும் உண்டு. பிரித்துப் பார்ப்பது கடினமில்லை. முதலில் அட்டையைக் கேளுங்கள். உண்மையான வழிகாட்டி அதைக் கழுத்திலேயே தொங்கவிட்டிருப்பார், கேட்டதற்காகக் கோபப்படவும் மாட்டார். அடுத்து ஒரு கேள்வி: ‘வெள்ளியம்பலத்து நடராசரிடம் என்ன விசேஷம்?’ மற்ற ஊர்களில் இடக்காலைத் தூக்கி ஆடும் நடராசர் இங்கே வலக்காலைத் தூக்கி, கால் மாறி ஆடுகிறார். இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, பாண்டியன் கேட்டுக்கொண்ட கதையையும் சேர்த்துச் சொல்கிறவரை நம்பிக் கூடப் போகலாம். ‘உள்ள போயி சொல்றேண்ணே’ என்று இழுக்கிறவரை விட்டுவிடுங்கள்.

‘எங்க கடை மாடியிலேர்ந்து கோபுரம் அருமையாத் தெரியும், பைசா வேணாம்’ என்று அழைப்பவர்கள் சித்திரை வீதியைச் சுற்றி நிறையப் பேர். கோபுரம் தெரிவது உண்மைதான். மாடியிலிருந்து இறங்கும் வழி மட்டும் பித்தளைச் சிலைக்கும் சால்வைக்கும் நடுவே அரை மணி நேரம் ஆகும். வாங்குகிற எண்ணம் இருந்தால் போங்கள். நீங்கள் வாங்கும் விலைக்குள் கூட்டிவந்தவரின் கமிஷனும் அடங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு பேரம் பேசுங்கள்.

பேசும்போது நாலு விஷயம் தெளிவாக இருக்கட்டும். தொகை ஆளுக்கா, மொத்தக் குழுவுக்கா? எத்தனை மணி நேரம்? எந்த மொழி? கடைக்குப் போகிற வேலை உண்டா, இல்லையா? பணத்தை முடிந்தபின் கொடுங்கள். எட்டுப் பேர் வரை ஒரு வழிகாட்டி போதும். பதினைந்தைத் தாண்டினால் கோயில் இரைச்சலில் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்காது. இரண்டாகப் பிரிந்து இரண்டு பேரை வைத்துக்கொள்வதுதான் நல்லது. ஒன்றரை மணி நேரத்துக்குமேல் எந்த நல்ல வழிகாட்டியும் பேசக் கூடாது. ஐம்பது சிற்பத்துக்கு ஐம்பது கதை சொல்கிறவரைவிட, ஆறு சிற்பத்தின் முன் நிறுத்தி ஆறையும் பார்க்க வைக்கிறவர்தான் கெட்டிக்காரர். ‘ஆறு இடம் போதும், எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்’ என்று முதலிலேயே சொல்லிப் பாருங்கள். அனுபவசாலிக்கு முகம் மலரும்.

கோயிலுக்கு வெளியே, மலைகளையும் கல்வெட்டுகளையும் தெரிந்துகொள்ள ஆசையிருந்தால் பசுமை நடை அமைப்பின் நடைகளை விசாரியுங்கள். எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் முன்னெடுப்பில் 2010 முதல் மதுரையைச் சுற்றியுள்ள தொல்லியல் இடங்களுக்கு மக்களைக் கூட்டிப்போய், கல்வெட்டு அறிஞர்களைக் கொண்டே விளக்கம் சொல்ல வைக்கிறார்கள். ஞாயிறு விடிகாலை நடை என்பதால் சனிக்கிழமை இரவு சீக்கிரம் படுக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் விடுமுறைத் தேதியில் நடை இருந்தால், அதைச் சுற்றி மற்றதை மாற்றி அமைப்பதில் தப்பில்லை.

இரவுச் சாப்பாட்டு நடைக்கு வழிகாட்டி அவ்வளவாகத் தேவையில்லை. ஏழரைக்குமேல் மாசி வீதிகள், விளக்குத்தூண் பக்கமாக நடந்தால் போதும். வயிற்றில் இடம் வைத்து நடப்பதுதான் சூட்சுமம். முதல் கடையில் கறிதோசையை முழுதாகச் சாப்பிட்டுவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. நாலு பேருக்கு ஒரு தட்டு என்று பகிர்ந்துகொண்டு நாலு கடை ஏறுங்கள். ஜிகர்தண்டாவைக் கடைசியில் வையுங்கள். சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம் என்று அதுவே ஒரு வேளைச் சாப்பாடு. பருத்திப்பால் கிடைத்தால் அதையும் ஒரு டம்ளர் பிரித்துக் குடியுங்கள்.

மலைகள்: ஏழு மணிக்குள் ஏறி, ஒன்பதரைக்குள் இறங்கி

மதுரையைச் சுற்றி நிற்கும் பாறை மலைகளுக்கு ஊருக்கு வருகிறவர்களில் பத்தில் ஒருவர் போனால் அதிகம். உண்மையில் ஊர் திரும்பியபின் நெடுநாள் பேசப்போவது இவற்றைத்தான்.

முதல் முறை வருகிறவர்களுக்குக் கீழக்குயில்குடி சமணர் மலை. நகரத்திலிருந்து மேற்கே பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரங்கள், கருப்பசாமி கோயில். படி ஏறினால் பேச்சிப்பள்ளம்; பாறையில் வரிசையாகச் சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள். 9, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மலையின் தென்மேற்குச் சரிவில் உள்ள செட்டிப்புடவுக்குத் தனி வழி. குகை வாசலை ஒட்டிப் பெரிய தீர்த்தங்கரர் உருவம் ஒன்று இருக்கும், அதோடு திரும்பிவிடாதீர்கள். குனிந்து உள்ளே போய் மேலே பாருங்கள்: சிங்கத்தின் மேலேறிய பெண் தெய்வம் ஒன்று யானை மேல் வருகிறவனோடு போர் புரியும் சிற்பம் இருக்கிறது. கைவிளக்கு ஒன்று கொண்டுபோங்கள்.

கல்வெட்டைப் படிக்க வெயில் சாய்வாக விழ வேண்டும். உச்சிவெயிலில் எழுத்துப் பள்ளத்தில் நிழல் விழாது, வெறும் பாறையாகத்தான் தெரியும். மலைக்குக் காலையில் போகச் சொல்வதற்குச் சூடு மட்டும் காரணமில்லை. சாய்ந்த வெளிச்சம் கிடைக்காவிட்டால் டார்ச்சைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், எழுத்து எழும்பி நிற்கும். எழுத்து தெரிவதற்காகச் சுண்ணக்கட்டியால் தேய்ப்பது, தண்ணீர் ஊற்றுவது, எண்ணெய் தடவுவது எதுவும் வேண்டாம். ஆயிரம் வருடம் தாங்கிய எழுத்தை அழிப்பது இதுதான்.

கையில் கொண்டுபோக வேண்டியது: ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பிடிப்புள்ள காலணி, தொப்பி. செருப்பு போட்டு ஏறுகிறவர்கள் இறங்கும்போதுதான் வழுக்குவார்கள். மழை பெய்த மறுநாள் பாசி பிடித்த பாறை வழுக்கும், அன்று வேண்டாம். ஒன்பதரைக்குமேல் பாறை சூடேறிவிடும். பிறகு கீழே இருந்தும் மேலே இருந்தும் வெயில் அடிக்கும்.

இரண்டாம் முறை வருகிறவர்களுக்கு அரிட்டாபட்டி. மேலூர் பக்கம், மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். ஏழு சிறு மலைகள், சுனைகள், கண்மாய்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது; 193.42 ஹெக்டேர். 2024 இறுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக மக்கள் திரண்ட ஊரும் இதுதான்; 2025 ஜனவரியில் அந்தத் திட்டம் ரத்தானது. பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலில் சிவனின் வடிவமாக வணங்கப்படும் லகுலீசர் சிற்பம், மலையில் தமிழிக் கல்வெட்டு, சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் என்று பார்க்க நிறைய இருந்தாலும், இங்கே வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் இல்லாமல் போனால் பாதிதான் கண்ணில் படும். குடைவரை பூட்டியிருந்தால் ஊருக்குள் கேளுங்கள். லகர் வல்லூறு, ராசாளிக் கழுகு போன்ற வேட்டைப் பறவைகள் உள்ள இடம். பைனாகுலர் இருந்தால் கொண்டுவாருங்கள், ட்ரோன் வேண்டவே வேண்டாம். இருபது பேர் பேசிக்கொண்டே போனால் ஒரு பறவையும் நிற்காது, ஆறு பேர் போதும்.

அழகர்கோயில் மலை இவற்றோடு சேராது; அங்கே போவது கோயிலுக்கும் சோலைக்கும். 21 கிலோமீட்டர். கீழே கள்ளழகரும் பதினெட்டாம்படிக் கருப்பும், மேலே பழமுதிர்சோலையும் நூபுர கங்கையும். காலையில் மலைமேல் போய்விட்டு, கீழே அழகரைப் பார்த்து, பிரசாத தோசையோடு பன்னிரண்டுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். குரங்குகள் கையில் இருக்கும் பாலித்தீன் பையைத்தான் குறிவைக்கும். துணிப் பையாக, வாய் கட்டியதாக இருக்கட்டும்.

வெளியூர் ஒரு நாள் பயணம்

ஒரு சின்னக் கணக்கு போதும். போக வர ஆகும் நேரம், அங்கே இருக்கப்போகும் நேரத்தைவிட அதிகம் என்றால் அது ஒரு நாள் பயணத்துக்கு உகந்த ஊர் இல்லை. இந்தக் கணக்கில் கொடைக்கானல் தோற்றுவிடும். 120 கிலோமீட்டர்தான், ஆனால் மலைப்பாதை. ஒரு வழிக்கே மூன்றரை மணி நேரம். ஏழு மணி நேரம் வண்டியில் கழித்துவிட்டு ஏரிக்கரையில் ஒரு சோளம் தின்றுவிட்டு வருவதற்கு, ஓர் இரவு தங்குங்கள். 2024 மே முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். கட்டணமில்லை, ஆன்லைனில் எடுக்கலாம். எடுக்காமல் போனால் சோதனைச் சாவடியில் நின்று கைபேசியைத் தடவ வேண்டியதுதான்.

ராமேசுவரம் சுமார் 170 கிலோமீட்டர். முடியும், ஆனால் காலை 5 மணிக்குக் கிளம்பினால்தான் முடியும். கோயில் மதியம் மூடியிருக்கும் நேரத்தில் தனுஷ்கோடி போய் வந்துவிடுங்கள். மாலையில் அந்தப் பக்கம் வண்டிகளை விடமாட்டார்கள். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடுவதென்றால் மாற்றுத் துணியைப் பையில் வையுங்கள், ஈரத்துணியோடு சந்நிதிக்குள் போக முடியாது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறந்தபின் ரயில் மீண்டும் தீவுக்குள் போகிறது. கடலைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்றால் போவது ரயிலிலும் வருவது வண்டியிலுமாக வைத்துக்கொள்ளலாம்.

எங்களைக் கேட்டால் ஒரு நாளைக்குக் காரைக்குடிப் பக்கம்தான் சரி. 90 கிலோமீட்டர், நல்ல சாலை. வழியில் பிள்ளையார்பட்டி; அதைக் காலையில் முதலில் முடித்துவிட்டால் மதியத்துக்குச் செட்டிநாட்டு வீடுகளும் ஆத்தங்குடியும். ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் ஓட்டுக்கல் (டைல்ஸ்) செய்யும் பட்டறைக்குக் கட்டாயம் போங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் பூ வார்ப்பை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, வார்ப்பைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். பிறகு தண்ணீரில் ஊறப் போடுவார்கள். கல்லின் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருகிறது, சூளையில் சுடுவதே இல்லை. பத்து நிமிடம் நின்று பார்த்தால் பிள்ளைகளுக்கும் புரியும். நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் வந்தால், திருப்பத்தூர் பக்கம் உள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தையும் இதோடு சேர்க்கலாம். பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர் அது.

குட்லாடம்பட்டி அருவி போன்ற இடங்களுக்கு மழைக்காலத்தில், அதுவும் தண்ணீர் விழுகிறதா, அனுமதி இருக்கிறதா என்று கேட்டபின்தான் போக வேண்டும். கோடையில் போனால் பாறையைத்தான் பார்க்கலாம்.

வண்டி பேசுவது

உள்ளூருக்கு ‘8 மணி நேரம், 80 கிலோமீட்டர்’ என்கிற மாதிரி பேசுவார்கள். கிலோமீட்டரும் நேரமும் உங்களை ஏற்றிய இடத்திலிருந்தா, வண்டி நிற்கும் ஷெட்டிலிருந்தா என்று கேளுங்கள். சண்டை வருவது இங்கேதான். வெளியூர் என்றால் ஒரு நாளுக்குக் குறைந்தபட்ச கிலோமீட்டர் என்று ஒன்று இருக்கும். நீங்கள் அதைவிடக் குறைவாக ஓடினாலும் அந்தக் குறைந்தபட்சத்துக்குக் காசு கொடுத்தாக வேண்டும். டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், மலைப்பாதைக் கூடுதல், தேக்கடி போனால் கேரள பர்மிட் எல்லாம் தொகைக்குள்ளா வெளியேயா என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் வண்டி போகாது. எங்கே இறக்கிவிடுவார், திரும்ப எங்கே வந்து ஏற்றுவார் என்று கைபேசியைக் கொடுப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

திருவிழா நேரத்தில் வருகிறவர்களுக்கு

சித்திரைத் திருவிழாவைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் நகருக்குள், நடந்து போகும் தூரத்தில் அறை எடுங்கள், மாதக்கணக்கில் முன்னதாக. அழகர் ஆற்றில் இறங்கும் விடிகாலையில் வைகைக் கரையில் நெரிசல் கடுமையாக இருக்கும். 2022இல் அந்த நெரிசலில் இருவர் இறந்தார்கள். கைக்குழந்தை, வயதானவர்கள் இருந்தால் அதற்கு முந்தைய நாள் மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் பக்கம், ஊருக்குள் வரும் அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்குப் போங்கள். அழகரை இன்னும் கிட்டத்திலேயே பார்க்கலாம். ஆற்றுக்குப்பின், ராமராயர் மண்டபத்தில் அழகர் பல அவதாரக் கோலங்களில் இரவு முழுக்கக் காட்சி தரும் தசாவதாரத்தை வெளியூர்க்காரர்கள் அவ்வளவாக அறிய மாட்டார்கள். தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு அதுதான்.

திருவிழா பார்க்க வரவில்லை, ஊர் பார்க்கத்தான் வருகிறோம் என்றால் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். எந்தச் சாலை எப்போது மூடும் என்று வண்டிக்காரருக்கே தெரியாது.

ஜல்லிக்கட்டு தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். வாடிவாசலைப் பார்த்த மாடத்தில் இடம் கிடைத்தால் போங்கள். கிடைக்காவிட்டால் காளைகள் வெளியேறிப் பிடிபடும் பக்கம் மட்டும் போய் நிற்காதீர்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் குத்துப்படுவது பெரும்பாலும் அங்கேதான். தை மாதத்திலேயே தெப்பத்திருவிழா வரும். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் மாலையில் விளக்கொளியில் தெப்பம் சுற்றுவதைப் பார்க்க, குளத்தின் நீளக் கரையில் ஐந்து மணிக்கே உட்கார்ந்துவிட வேண்டும்.

முந்தைய நாள் இரவு

நாளைக்கு என்ன கிழமை, எந்த இடத்துக்கு விடுமுறை என்று பாருங்கள். பௌர்ணமியா, பிரதோஷமா, பெரிய முகூர்த்த நாளா என்று காலண்டரைப் பாருங்கள். முகூர்த்தம் என்றால் திருப்பரங்குன்றத்தில் கல்யாண வண்டிகளுக்கு நடுவே ஊர்ந்துதான் போக வேண்டும், அன்று அதைத் தள்ளி வையுங்கள். அதே முகூர்த்த நாளுக்கு முன்தினம் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடிகாலையில் போனால் மல்லிகை விலை ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மூட்டை தூக்கி வருகிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நில்லுங்கள், படம் எடுக்கும் முன் கேளுங்கள். அரும்பாக வாங்கினால் மாலையில்தான் விரியும், அன்றைக்கே ரயில் ஏறுகிறவர்கள் வாழையிலையில் சுற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

மழை வந்தால் என்ன செய்வது என்பதற்கு மலைக்குப் பதில் மகால், மகாலுக்குப் பதில் காந்தி மியூசியம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு மாற்றை எழுதி வையுங்கள். வண்டிக்காரருக்கும் வழிகாட்டிக்கும் நேரத்தை இன்னொரு முறை மெசேஜில் அனுப்புங்கள். அலாரத்தை நாலரைக்கு வையுங்கள்.